பழைய காரில் போட்ட ரிமோட் லாக் மக்கர் செய்தால்: கிட்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

எங்கள் கார் 2007 மாடல் ஆல்டோ. வாங்கும்போது சென்ட்ரல் லாக் கிடையாது. பின்னால் ஓர் ஆக்சசரீஸ் கடையில் நான்கு கதவுக்கும் ரிமோட் லாக் போட்டோம். ஒன்றரை வருடம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் சில நாள் ரிமோட்டை நாலு தடவை அழுத்தினால்தான் திறக்கும். சில நாள் பூட்டியதும் தானே திறந்துகொள்ளும். "பழைய வண்டிதானே" என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டு கேட்டைத் திறக்க இறங்கினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, மூன்று வயது மகள் பின் சீட்டில். என் பக்கக் கதவை மூடிய அடுத்த நொடி 'டக்' என்று நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. கார் சாவி உள்ளே. வீட்டுச் சாவியும் அதே கொத்தில். தெருமுனை மெக்கானிக் வந்து கண்ணாடி இடுக்கில் ஸ்டீல் ஸ்கேலை விட்டுத் திறக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஏசி ஓடியதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நண்பகலாக இருந்து, இன்ஜினும் அணைந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் போகவில்லை.

மறுநாளே கடைக்குப் போனேன். "பாக்ஸ் போயிடுச்சு சார், கிட்டையே மாத்திடலாம்" என்றார்கள். ₹2,400 கொடுத்து மாற்றினேன். ஐந்தாம் நாள் அதே கோளாறு. கடைசியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே பார்த்ததில், காரணம் கதவு மடிப்பில் தோல் உரிந்த ஒரே ஒரு கம்பி. சரிசெய்ய முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. நீங்களும் அந்த ₹2,400-ஐக் கொடுக்க வேண்டாம் என்பதற்காக, நான் பார்த்திருக்க வேண்டிய வரிசையில் இதை எழுதுகிறேன்.

இது காரோடு வந்த லாக்குக்கு அல்ல, வெளியில் வாங்கிப் போட்ட கிட்டுக்கு மட்டும். கிட் எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கண்ட்ரோல் பாக்ஸ், கதவுக்கு ஒரு லாக் மோட்டார், இரண்டு ரிமோட், ஒரு ஃபியூஸ், நீளமான கம்பிக் கட்டு.

1. எதையும் தொடும் முன் சாவியைச் சரிபாருங்கள்

ரிமோட் வந்தபிறகு டிரைவர் கதவில் சாவி போட்டுத் திறப்பதையே மறந்திருப்போம். இரண்டு வருடம் சாவி நுழையாத துவாரத்தில் தூசியும் துருவும் ஏறி, தேவைப்படும் நாளில் திரும்பாது. இப்போதே போய்ப் போட்டுப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கிராஃபைட் பொடி போடுங்கள். தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில் வேண்டாம். முதலில் வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்து இன்னும் இறுகும்.

மாற்றுச் சாவி வீட்டுக்குள் இருந்து பயனில்லை என்பதை நான் அனுபவித்தே கற்றேன். பர்ஸிலோ, பக்கத்து வீட்டிலோ, உடன் வருபவர் கையிலோ இருக்கட்டும். லாக் சரியாகும்வரை ஒரு நிமிட வேலைக்குக்கூடக் குழந்தையை உள்ளே விட்டு இறங்காதீர்கள். பூட்டிய கார் வெயிலில் சில நிமிடங்களிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும்.

இன்னொன்று. வேலை செய்யும் நேரம் முழுக்க டிரைவர் பக்கக் கண்ணாடி கீழே இறங்கியிருக்கட்டும், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். பேட்டரி முனையைக் கழற்றி மாட்டும்போது சில பாக்ஸ்கள் தாமாகவே பூட்டிவிடும்.

2. வேண்டிய சாமான்

மல்டிமீட்டர் ஒன்று. சென்னையில் ரிச்சி தெருவில் எனக்கு ₹350-க்குக் கிடைத்தது. அதைவிட முக்கியம் ஒரு டெஸ்ட் லாம்ப். இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு கம்பியைப் பற்றவைத்தால் போதும், ஐம்பது ரூபாய்க்குள் முடியும். இவற்றோடு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், 10-ம் நம்பர் ஸ்பேனர், சால்டரிங் அயர்ன், ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு பட்டால் சுருங்கி இணைப்பைக் கவ்வும் உறை), பழைய பருத்தித் துணி.

மீட்டர் இருக்க பல்பு எதற்கு? இரண்டு காரணம். லாக் மோட்டாருக்கு மின்சாரம் வருவது அரை நொடிதான். மலிவான டிஜிட்டல் மீட்டர் எண்ணைக் காட்டுவதற்குள் அது முடிந்துவிடும், பல்போ பளிச்சென்று ஒருமுறை எரியும். இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. ஏழெட்டு இழை அறுந்து ஒரே இழையில் தொங்கும் கம்பியிலும் மீட்டர் முழுசாக 12 வோல்ட் காட்டும். அந்த ஓர் இழை மோட்டாரை ஓட்டாது. பல்பைப் போட்டால் மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். மீட்டரை மட்டும் நம்பி நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன்.

உங்கள் காரில் ஏர்பேக் இருந்தால் டேஷ்போர்டுக்குக் கீழே மஞ்சள் உறை, மஞ்சள் கனெக்டர் உள்ள கம்பிகளை எந்தக் காரணத்துக்காகவும் தொடவோ குத்திப் பார்க்கவோ வேண்டாம்.

3. காதைக் கொடுத்துக் கேளுங்கள்

காரில் உட்கார்ந்து, கதவுகளை மூடி, ரிமோட்டை அழுத்துங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் பாக்ஸுக்குள் ரிலே (மோட்டாருக்குக் கரண்டை விடும் குட்டி சுவிட்ச்) 'டிக்' என்று அடிக்கிறதா? பாதிக் கேள்விக்கு இதிலேயே பதில் வந்துவிடும்.

டிக் சத்தமே இல்லை என்றால் கோளாறு ரிமோட்டிலோ, பாக்ஸுக்கு வரும் கரண்டிலோ, பாக்ஸிலோ இருக்கிறது. கதவைக் கழற்ற வேண்டியதில்லை. 4-க்கும் 5-க்கும் போங்கள்.

டிக் கேட்கிறது, ஆனால் ஒரு கதவும் அசையவில்லை என்றால் எர்த்தும் (காரின் பாடியோடு சேரும் கறுப்புக் கம்பி) ஃபியூஸ் இணைப்பும் சந்தேகத்துக்குரியவை. ஒரே ஒரு கதவு மட்டும் அசையவில்லை என்றால் அந்தக் கதவின் கம்பி, மோட்டார், ராடு (லாக்கை இழுத்துத் தள்ளும் கெட்டிக் கம்பி) மூன்றில் ஒன்று.

பூட்டிய உடனே திறந்துகொள்கிறது, அல்லது யாரும் தொடாமலே பூட்டுகிறது என்றால் டிரைவர் கதவைத்தான் பார்க்க வேண்டும். இதற்குத்தான் அதிகம் பேர் பாக்ஸை மாற்றி ஏமாறுகிறார்கள். 6-ல் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு சிறு நோட்டில் எப்போது நடந்தது, மழையா வெயிலா, எந்தக் கதவு, கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். என் நோட்டில் ஏழில் ஆறு தடவை "டிரைவர் கதவு மூடும்போது" என்று இருந்தது. அதை முன்பே எழுதிப் பார்த்திருந்தால் கடைக்குப் போயிருக்கவே மாட்டேன்.

4. ரிமோட்: பத்து நிமிட வேலை

முதலில் இரண்டாவது ரிமோட்டை எடுத்துப் பாருங்கள். அது வேலை செய்தால் முதல் ரிமோட்டில்தான் கோளாறு. இரண்டும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம்.

செல் மாற்றும்போது பழையதில் உள்ள எண்ணைப் பார்த்து அதையே கேளுங்கள். நீள உருளையாக இருந்தால் 23 ஏ அல்லது 27 ஏ. இரண்டும் 12 வோல்ட்தான், நீளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 27 ஏ மெலிந்தது, அதனால் 23 ஏ இருக்க வேண்டிய இடத்தில் போட்டால் ஆடும். வட்டமாக இருந்தால் பெரும்பாலும் சிஆர் 2032 அல்லது சிஆர் 2016, இரண்டும் 3 வோல்ட்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில ரிமோட்டில் இரண்டு சிஆர் 2016-ஐ ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து 6 வோல்ட் எடுப்பார்கள். அந்த இரண்டின் கனம் சேர்ந்தால் ஒரு சிஆர் 2032-இன் கனம். கடைக்காரர் "இது ஒண்ணு போதும் சார்" என்று தருவார், அச்சாக உட்காரும், ஆனால் கிடைப்பது 3 வோல்ட்தான். ரிமோட் பக்கத்தில் நின்றால் வேலை செய்யும், நாலடி தள்ளினால் செய்யாது.

ரிமோட்டில் குட்டி லைட் எரிகிறது என்பதால் ரிமோட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த லைட்டுக்கு வேண்டிய மின்சாரம் மிகக் குறைவு. டிவி ரிமோட்டைப் போல செல்போன் கேமராவில் பார்த்துச் சோதிக்கவும் முடியாது. டிவி ரிமோட் அனுப்புவது ஒளி, இது அனுப்புவது ரேடியோ அலை.

புது செல் போட்டும் பட்டனை ஓரமாக அழுத்தினால்தான் வேலை செய்கிறது என்றால் உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. நான்கு கால் உள்ள அந்த சுவிட்ச் சில ரூபாய்தான். செல்போன் ரிப்பேர் கடையில் ஐம்பது, நூறு ரூபாய்க்கு மாற்றிக் கொடுப்பார்கள். புது ரிமோட் வாங்க அவசரப்பட வேண்டாம்.

வீட்டு வாசலில் வேலை செய்யாமல் ஆபீஸ் பார்க்கிங்கில் வேலை செய்கிறதா? அப்படியானால் சுற்றுப்புற இடைஞ்சல். காருக்குள்ளேயே மலிவான மொபைல் சார்ஜரோ டேஷ் கேமராவோ சொருகியிருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள்.

எப்போதுமே கிட்டத்தில்தான் வேலை செய்கிறது என்றால் பாக்ஸிலிருந்து தனியாகத் தொங்கும் மெல்லிய கம்பியைத் தேடுங்கள். அதுதான் ஆன்டெனா. இந்த ரிமோட்டுகளில் பல 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை, அவற்றுக்கு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் கம்பி வேண்டும். மாட்டியவர் அதைச் சுருட்டி இரும்புச் சட்டத்தோடு டேப் போட்டுக் கட்டியிருப்பார். அதை விடுவித்து, இரும்பைத் தொடாமல் பிளாஸ்டிக் ஓரமாக நேராக நீட்டி ஒட்டுங்கள். எங்கள் காரில் இதைச் செய்ததும் மூன்றடி என்பது வீட்டு வராந்தா வரை நீண்டது.

5. கரண்ட் வருகிறதா: பேட்டரி, ஃபியூஸ், எர்த்

இரவு நிறுத்திய காரை காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியில் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே இருந்தால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள், லாக் கிட்மேல் பழி போட வேண்டாம். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4-க்குள் இருக்க வேண்டும்.

கிட்டின் சிவப்புக் கம்பியைப் பின்தொடர்ந்தால் கம்பியிலேயே ஒரு ஃபியூஸ் டப்பா வரும். பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். ஃபியூஸ் நன்றாக இருந்தாலும் டப்பாவின் உள் முனைகள் பச்சை பூத்திருக்கலாம். சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியர் போடுவதோ, சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவதோ கூடவே கூடாது. ஃபியூஸ் போகாது, அதற்குப் பதில் கம்பி உருகும், அந்தக் கம்பி உங்கள் காலுக்கு மேலே கார்ப்பெட்டையும் பிளாஸ்டிக்கையும் ஒட்டி ஓடுகிறது. அடிக்கடி போகும் ஃபியூஸுக்கு வழி வேறு. நான்கு கதவின் கனெக்டரையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டி ரிமோட்டை அழுத்துங்கள். எந்தக் கதவை மாட்டும்போது ஃபியூஸ் போகிறதோ அங்கேதான் ஷார்ட்.

அடுத்தது எர்த். கறுப்புக் கம்பியை மாட்டியவர் பெயின்ட் அடித்த ஸ்க்ரூவில் சுற்றியிருப்பார். பாக்ஸின் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே டெஸ்ட் லாம்பைப் பிடியுங்கள். பிரகாசமாக எரிய வேண்டும். மங்கினால் கறுப்புப் பக்கத்தை மட்டும் எடுத்து பேட்டரி நெகட்டிவிலிருந்து இழுத்த ஒரு கம்பியில் தொட்டுப் பாருங்கள். இப்போது பிரகாசமானால் எர்த் சரியில்லை. பெயின்ட்டைச் சுரண்டி, கம்பி முனையில் வளையம் போட்டு, 10-ம் நம்பர் போல்ட்டில் இறுக்குங்கள்.

டேஷ்போர்டுக்கு அடியில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் நிறைய இருக்கும். நம் ஊர் வெயிலில் இரண்டு கோடை தாண்டினால் டேப்பின் பசை இளகி வழிந்து, டேப் கழன்று தொங்கும். பார்க்கும் ஒவ்வொன்றையும் பற்றவைத்து ஹீட் ஷ்ரிங்க் போட்டுவிடுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

6. கதவு மடிப்பு: பெரும்பாலும் இங்கேதான்

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். கதவைத் திறந்து கீல் பக்கம் குனிந்து பாருங்கள். பாடியிலிருந்து கதவுக்குள் கம்பிக் கட்டு போகும். ஒவ்வொரு தடவை கதவைத் திறந்து மூடும்போதும் அந்த நான்கு விரல் நீளக் கம்பி மடிந்து நிமிர்கிறது. ஒரு நாளைக்குப் பத்து முறை என்றால் வருடத்துக்கு மூவாயிரத்து அறுநூறு முறைக்கு மேல். இதற்காகவே கார் கம்பெனிகள் அந்த இடத்தில் ரப்பர் குழாய் வைப்பார்கள். பவர் விண்டோ இல்லாத பழைய கார்கள் பலவற்றில் கதவுக்குள் கம்பியே போகாது என்பதால் வழியும் இருக்காது. கிட் மாட்டுபவர் டிரில் போட்டு ஓட்டை செய்வார். அந்த ஓட்டைக்கு ரப்பர் புஷ் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். எங்கள் காரில் இல்லை. கூரான தகட்டு விளிம்பு கம்பியின் தோலை ஒன்றரை வருடமாக அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இங்கே இரண்டு விதமாகக் கெடும்.

ஒன்று, தோல் நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு கம்பியையும் தனியாகப் பிடித்து மெதுவாக இழுங்கள். செம்பு அறுந்த இடத்தில் தோல் ரப்பர் மாதிரி நீளும். கதவு ஒரு கோணத்தில் இருக்கும்போது மட்டும் லாக் வேலை செய்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான்.

இரண்டாவது, செம்பு நன்றாக இருக்கும், தோல் உரிந்திருக்கும். எனக்கு நடந்தது இது. ஏன் இது காரைத் தானாகப் பூட்டுகிறது என்று புரிந்துகொள்வது நல்லது. சாதாரணக் கதவுகளின் மோட்டாரில் இரண்டே கம்பி. டிரைவர் கதவின் மோட்டாரில் ஐந்து. இரண்டு மோட்டாரை ஓட்ட, மற்ற மூன்றும் உள்ளே இருக்கும் ஒரு சுவிட்சுக்கு. நீங்கள் சாவியாலோ உள்பக்க லாக் குமிழை அழுத்தியோ டிரைவர் கதவைப் பூட்டினால் மற்ற மூன்றும் சேர்ந்து பூட்டுவது இந்த சுவிட்சால்தான். பல கிட்டுகளில் மோட்டாருக்கு நீலமும் பச்சையும், சுவிட்சுக்குக் கறுப்பு, வெள்ளை, பழுப்பு. நிறம் மாறலாம், உங்கள் கிட்டின் தாளைப் பாருங்கள். கறுப்பு எர்த். வெள்ளையோ பழுப்போ ஒரு கணம் எர்த்தைத் தொட்டால் பாக்ஸ் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்: ஒன்று தொட்டால் 'பூட்டு', இன்னொன்று தொட்டால் 'திற'. காரின் பாடி முழுக்கவே எர்த்தானே. தோல் உரிந்த கம்பி ஓட்டையின் விளிம்பைத் தொட்டதும் பாக்ஸ் 'பூட்டு' என்று புரிந்துகொண்டு பூட்டிவிட்டது. கம்பி மடிந்து விளிம்பை அழுத்துவது கதவை மூடும்போது. புது பாக்ஸ் போட்டாலும் அதே கம்பி, அதே விளிம்பு.

இதை உறுதிசெய்ய ஒரு நிமிடம் போதும். பாக்ஸ் பக்கத்தில் டிரைவர் கதவின் வெள்ளை, பழுப்பு இரண்டையும் கனெக்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். ரிமோட் நான்கு கதவுக்கும் வழக்கம்போல வேலை செய்யும், சாவியால் மட்டும் எல்லாம் சேர்ந்து பூட்டாது. இப்படியே இரண்டு நாள் ஓட்டுங்கள். தானாகப் பூட்டுவது நின்றுவிட்டால் பாக்ஸ் நிரபராதி, குற்றவாளி டிரைவர் கதவு. உடனே சரிசெய்ய நேரமில்லாதவர்கள் இப்படியே விட்டும் பாதுகாப்பாக ஓட்டலாம்.

சரிசெய்யும்போது மடியும் இடத்தில் ஒட்டுப் போடாதீர்கள். பற்றவைத்த இடம் விறைப்பாகிவிடும், மறுபடி அங்கேயே ஒடியும். கதவுக்குள்ளும் டேஷ்போர்டுக்கு அடியிலுமாக இரண்டு முனையில் வெட்டி, நடுவில் புதிதாக மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஆட்டோ வயரைப் போடுங்கள். வீட்டு வயரிங்கில் வரும் ஒற்றைக் கம்பி ஒரு மாதம் தாங்காது. ஓட்டை இரண்டிலும் ரப்பர் புஷ், அதன் வழியாக நெளியும் குழாய், கதவு முழுசாகத் திறந்தாலும் இழுபடாத அளவுக்கு நீளம். வயர், புஷ், குழாய் எல்லாம் சேர்த்து எனக்கு ₹280. நேரம் இரண்டரை மணி.

7. டோர் பேட், மோட்டார், ராடு

ஒரு கதவு மட்டும் முரண்டு பிடித்தால் டோர் பேடை (கதவின் உள்பக்க அட்டையை) கழற்றத்தான் வேண்டும். முதல் கதவுக்கு முக்கால் மணி ஆகும், அடுத்ததற்கு இருபது நிமிடம். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியில் ஸ்க்ரூவைத் தேடாதீர்கள். பின்னால் ஒரு ஸ்பிரிங் கிளிப் பிடித்திருக்கும். பழைய துணியைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே செருகி, ஷூ துடைப்பது போல இருபக்கமும் இழுத்தால் கிளிப் தெறித்து விழும். தெறிக்கும் கிளிப்பைத் துணியாலேயே பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கதவை இழுக்கும் கைப்பிடியின் ஸ்க்ரூக்கள், கடைசியாகச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கிளிப்புகள். கீழ் மூலையில் தொடங்கி கிளிப்புக்குப் பக்கத்திலேயே விரலை விட்டு இழுங்கள். நாலைந்து கிளிப் உடையும், கூடுதலாகப் பத்து வாங்கி வைத்திருங்கள்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்க வேண்டும். கண்ணாடி வழியே இறங்கும் மழைத் தண்ணீர் பேட் பக்கம் வராமல் காப்பது அதுதான். கிட் மாட்டும்போது பலர் அதைக் கிழித்து விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் கனமான பாலிதீன் ஷீட்டை வெட்டி ஒட்டுங்கள். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வெளியேறும் துளைகள் அடைத்திருந்தால் குச்சியால் குத்தி எடுங்கள். மழைக்காலத்தில் மட்டும் கெடும் மோட்டாருக்கு இவை இரண்டும்தான் பாதி வைத்தியம்.

மோட்டாரைச் சோதிக்க, அதை லாக் ராடிலிருந்து கழற்றிவிட்டு, இரண்டு மோட்டார் கம்பியையும் 12 வோல்ட்டில் அரை நொடி தொடுங்கள். கம்பியை மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கம் போக வேண்டும். தொட்ட கையை எடுக்காமல் பிடித்தால் மோட்டார் சூடாகிக் கருகிவிடும். மோட்டார் துள்ளலாக ஓடி, ராடோடு மாட்டினால் மட்டும் திணறினால் கோளாறு ராடில். கையால் குமிழை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் லாக் பொறியில் வெள்ளை கிரீஸ் வையுங்கள்.

ராடும் மோட்டாரிலிருந்து வரும் கெட்டிக் கம்பியும் (மின்கம்பி அல்ல) ஒரு சின்னக் கிளாம்பில் இரண்டு ஸ்க்ரூவால் சேர்ந்திருக்கும். அது தளர்ந்து வழுக்கினால் மோட்டார் முழுத் தூரம் போகாது, பாதியில் நிற்கும். டிரைவர் கதவில் இப்படியானால் உள்ளே உள்ள சுவிட்ச் 'இன்னும் திறந்திருக்கிறது' என்று சொல்லி நான்கையும் திறந்துவிடும். பூட்டியதும் திறந்துகொள்ளும் கோளாறுக்கு இது முக்கியக் காரணம். குமிழை நடுவில் வைத்து, மோட்டாரையும் அதன் நடுத் தூரத்தில் வைத்து, கிளாம்பை இறுக்குங்கள்.

மோட்டாரே போயிருந்தால் தனியாகக் கிடைக்கும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நான் பின் கதவுக்கு ஒன்று ₹300-க்கு வாங்கினேன். டிரைவர் கதவுக்கு ஐந்து கம்பி, மற்றதற்கு இரண்டு கம்பி என்று சொல்லிக் கேளுங்கள். சில கிட்டில் முன் கதவு இரண்டுக்குமே ஐந்து கம்பி இருக்கும், கழற்றியதைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

8. கண்ட்ரோல் பாக்ஸ் கடைசியில்தான்

கரண்ட் வருகிறது, எர்த் நன்றாக இருக்கிறது, இரண்டு ரிமோட்டிலும் புது செல், ஆனால் டிக் சத்தமே இல்லை. ரிமோட்டை மறுபடி பதிவு செய்து பாருங்கள். பதிவுமுறை கிட்டுக்குக் கிட் மாறும். சிலவற்றில் சாவியைக் குறிப்பிட்ட தடவை ஆன்-ஆஃப் செய்ய வேண்டும், சிலவற்றில் பாக்ஸில் குட்டி பட்டன் இருக்கும். அதனால்தான் பெட்டியோடு வந்த தாள் தங்கம் மாதிரி. இல்லையென்றால் பாக்ஸின் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக் கடையில் காட்டுங்கள்.

டிக் கேட்கிறது, ஆனால் நீலம்-பச்சைக்கு நடுவே வைத்த டெஸ்ட் லாம்ப் பூட்டும்போது மட்டும் எரிந்து திறக்கும்போது எரியவில்லை என்றால் ரிலே போயிருக்கிறது. அப்போது பாக்ஸை மாற்றுவது நியாயம்.

ரிமோட் ஒன்று தொலைந்தால் உடனே பழைய பதிவு எல்லாவற்றையும் அழித்து, கையில் இருப்பதை மட்டும் புதிதாகப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ரகசியக் குறியீட்டை அனுப்பும் மலிவு ரிமோட்டை எளிதாக நகல் எடுக்கலாம். அறிமுகமில்லாத இடத்தில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

9. பேட்டரி இறங்குகிறது என்றால்

லாக் கிட் எப்போதும் கொஞ்சம் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், ரிமோட்டுக்காகக் காத்திருக்க வேண்டுமே. எவ்வளவு என்பதுதான் கேள்வி. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு, முனைக்கும் கம்பிக்கும் நடுவில் வையுங்கள். கதவுகளை மூடி அரை மணி கழித்துப் படியுங்கள். இந்த நேரத்தில் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் ஃபியூஸோ மீட்டரோ போய்விடும். 0.05 ஆம்பியருக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. ஆனால் அந்த 0.05 கூட ஒரு மாதத்தில் 36 ஆம்பியர்-மணி ஆகிறது, ஆல்டோவின் பேட்டரி மொத்தமே 35. ஊருக்குப் போய் ஒரு மாதம் வண்டியை நிறுத்துபவர்கள் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மற்ற கதவுகளைக் குமிழாலும் டிரைவர் கதவைச் சாவியாலும் பூட்டிவிட்டுப் போங்கள்.

10. ஆள் வைத்துச் செய்தால்: பணம், காகிதம், இன்சூரன்ஸ்

கிட் விற்கும் கடையைவிட ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போவது என் பரிந்துரை. அவருக்கு நேரத்துக்குக் கூலி, கடைக்குக் கிட் விற்றால் லாபம். "லாக் ரிப்பேர்" என்று சொல்லாமல் "டிரைவர் கதவு மூடும்போது தானாகப் பூட்டுது, கீல் பக்கம் வயரைப் பாருங்க" என்று சொல்லுங்கள். எங்கள் பகுதியில் கூலி ₹400-லிருந்து ₹800 வரை கேட்டார்கள். காலையில் விட்டால் மதியம் எடுக்கலாம். மாலையில் விட்டால் அவசரத்தில் டேப் சுற்றித்தான் தருவார்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: கிட் வாங்கிய பில், முத்திரை குத்திய வாரண்டி அட்டை, வயரிங் தாள், இரண்டு ரிமோட், இரண்டு சாவி. முத்திரை இல்லாத வாரண்டி அட்டையை மதிக்க மாட்டார்கள். என்னுடையது அப்படித்தான் வீணானது. தாளைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

முழு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், கம்பெனியிலிருந்து வராத மின் சாதனங்களைப் பாலிசியில் தனியாக எழுதச் சொல்ல வேண்டும். கூடுதல் பிரீமியம் பொதுவாக அந்தப் பொருளின் மதிப்பில் 4 சதவீதம், ₹3,000 கிட்டுக்கு ₹120. எழுதாவிட்டால் திருடு போனாலோ தண்ணீரில் மூழ்கினாலோ கிட்டுக்குப் பணம் வராது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் இந்தக் கேள்வியே இல்லை. "இதைப் போட்டால் பிரீமியம் குறையும்" என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தத் தள்ளுபடி, வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏஆர்ஏஐ-இன் ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்குத்தான், சாதா ரிமோட் லாக்குக்கு அல்ல. கார் திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும். ஒன்றைத் தொலைத்திருந்தால் அதற்கான விளக்கம், போலீஸ் புகார் நகல் என்று அலைய வேண்டி வரும்.

11. முடித்தபின் சோதனை

டோர் பேடைத் திரும்ப மாட்டும் முன்பே சோதியுங்கள். கண்ணாடி இறங்கியிருக்க, ரிமோட்டால் இருபது முறை பூட்டித் திறங்கள். அப்புறம் டிரைவர் கதவை முப்பது முறை மெதுவாகவும் வேகமாகவும் திறந்து மூடுங்கள், ஒருமுறைகூட டிக் கேட்கக் கூடாது. கதவு பாதி திறந்திருக்கும்போது கம்பிக் குழாயைக் கையால் ஆட்டிப் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு இதே சோதனை மறுபடி. கடைசியாக, கீல் பக்கமும் கதவின் மேலும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை.

எல்லாம் சரி என்றால் பேடை மாட்டுங்கள். ஒரு வாரம் முழுசாக ஓட்டி முடிக்கும்வரை மாற்றுச் சாவி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.